குடியாத்தத்திடம் இரண்டு தோல்விகள்

12.2.1981 வியாழன்

அபிதாவுக்கு மறுபடியும் மூச்சிழுப்பு. காலையில் குடித்த பாலை அப்படியே என் தோளில் கக்கினாள். பதினான்கு மாதம் முடிந்துவிட்டது, எடை ஏழரைக் கிலோ. டாக்டர் இன்றைக்கு மருந்துச் சீட்டே எழுதவில்லை. "முதல்ல அந்த எடத்த வுட்டுப் போங்கம்மா, மருந்தெல்லாம் அப்பறம்" என்றார்.

எங்கே போவது? அறை முதலாளியுடையது. முன்னால் வேணுகோபால் சில்க்ஸ் குடோன், பின்னால் அவருடைய சாயப்பட்டறை, நடுவில் நாங்கள். கொதிக்கிற சாயத்தின் ஆவி சுவரில் ஏறி, குழந்தையின் துணியில் ஏறி, சோற்றில்கூட அந்த நாற்றம். இவருக்குக் கடையில் சேல்ஸ்மேன் என்று பேர். உண்மையில் சம்பளம் கூடைப்பந்து ஆடுவதற்கு. கடைப் பேரில் ஒரு டீம், இவர் கேப்டன். ஜில்லாவில் இப்படி ஆறு முதலாளிகளுக்கு ஆறு டீம்.

லீக் முடிந்துவிட்டது. சாயங்காலம் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது இடம்.

"மெட்ராஸ் கம்பெனியிலேர்ந்து கோச் எழுதிக்கிறாரு. மூணு பேர எடுப்பாங்களாம். வேல, குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி பாத்துக்குமாம்."

"அப்புறம் என்ன?"

"முதல் ரெண்டு டீம்லேர்ந்துதான் எடுப்பாராம்."

ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது.

14.2.1981 சனி

குழந்தை தூங்கிய இரண்டு மணி நேரத்தில் பத்து மேட்சின் ஸ்கோர் ஷீட்டையும் தரையில் பரப்பினேன். கேப்டனுக்குக் கார்பன் காப்பி தருவார்கள். இவர் அதைச் சட்டை மடிக்கத்தான் வைத்திருக்கிறார். மற்ற டீம்களின் ஸ்கோர் லீக் கமிட்டி நோட்டீஸில் இருந்தது.

கமிட்டியின் கணக்கு இதுதான்: ஜெயித்தால் இரண்டு, வந்து தோற்றால் ஒன்று. ராணிப்பேட்டை 18, வேலூர் 17, நாம் 16. ராணிப்பேட்டை இரண்டு, மூன்று பாயிண்டில் தட்டுத்தடுமாறி ஜெயித்ததும், நாம் 27 வித்தியாசத்தில் ஜெயித்ததும் அவர்களுக்கு ஒன்றுதான். இதைக் கணக்கு என்று சொல்ல வெட்கமாக இல்லையா?

நாம் தோற்ற நாலும் எப்படி? ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. ஜெயித்த ஆறும் 12க்குக் குறையவில்லை.

பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம் படித்ததை எல்லாம் மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை. ஒவ்வொரு டீமுக்கும் பத்து ஆட்டத்தின் வித்தியாசத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தேன். ஜெயித்தது கூட்டல், தோற்றது கழித்தல். ஆனால் சோப்ளாங்கி டீமை 20இல் அடிப்பதும் பலசாலியை 20இல் அடிப்பதும் ஒன்றா? அதனால் எதிரிகளின் சராசரியையும் அதோடு சேர்த்தேன். சேர்த்தால் எல்லோருடைய எண்ணும் மாறுகிறது. மாறிய எண்ணை வைத்து மறுபடி. நாலாவது சுற்றில் எண்கள் அசையாமல் நின்றன.

நாம் 8.9. ராணிப்பேட்டை 3.8. வேலூர் 3.2. கடைசியில் குடியாத்தம், மைனஸ் 8.3.

நாம்தான் முதல். இவர்தான் முதல்! எத்தனை நாள் ஆயிற்று எனக்கு இப்படி மூச்சு வாங்கி. அபிதா எழுந்து ஒரு ஷீட்டை வாயில் வைத்துக்கொண்டாள். திட்டக்கூட இல்லை.

15.2.1981 ஞாயிறு

இவருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு ரேணு" என்றார். சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை இந்த மனுஷருக்கு.

17.2.1981 செவ்வாய்

இவர் போக மாட்டேன் என்றுவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே கமிட்டிச் செயலாளர் தங்கவேலு வீட்டுக்குப் போனேன். அவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். என் அட்டவணையை எண்ணெய்க் கையாலேயே வாங்கினார்.

"இன்னாம்மா இது, ஜாதகமா?"

சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். வாசலில் இருந்த இரண்டு கமிட்டிக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார், வேடிக்கைக்கு.

"அதாவது தோத்தவன்தான் பெரியாளு. அப்பிடித்தானே?"

"குறைந்த வித்தியாசத்தில் தோற்றது—"

"யம்மா, பரீட்சையில ஃபெயிலாயிட்டு, ரெண்டு மார்க்குதான் சார் கம்மின்னு வந்து நிப்பானுங்கோ பாரு, அந்த மாதிரி கீது."

"பரீட்சையே தப்பா இருந்தா சார்?"

"அட! ஜெயவேலு பொண்டாட்டி ஜெயவேலுக்குக் கணக்குப் போட்டா ஜெயவேலுதானே ஃபர்ஸ்ட் வருவான்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் முறுக்குத் தூள் தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார். அது அபிதாவின் தலையில் விழுந்தது. துடைத்தேன். துடைத்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்து அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன், இழுப்பு இருக்கிறதே என்ற நினைப்புக்கூட இல்லாமல். இப்போது பயமாக இருக்கிறது. நெஞ்சில் காது வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

19.2.1981 வியாழன்

மெட்ராஸ் கோச்சுக்கு நானே எழுதிவிட்டேன். பெயர் ராமதாஸ். அட்டவணை, கணக்குப் போட்ட விதம், பத்து ஷீட்டின் நகல், எல்லாம். நகல் எடுக்கவே இரண்டு நாள் பிடித்தது. இவரிடம் சொல்லவில்லை.

2.3.1981 திங்கள்

பதில் இல்லை. எடை ஏழு கிலோ முந்நூறு. குறைகிறது.

6.3.1981 வெள்ளி

வந்துவிட்டது. டைப் அடித்த கடிதம். அட்டவணை அவருக்குப் பிடித்திருக்கிறதாம், இனிமேல் தானும் இப்படித்தான் டீம்களை மதிப்பிடப் போகிறாராம். முதல் பத்தியைப் படித்து அபிதாவைத் தூக்கிச் சுற்றினேன்.

இரண்டாவது பத்தி:

"உங்கள் எண்களின்படி உங்கள் அணி குடியாத்தத்தைப் பதினேழு பாயிண்ட் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். இரண்டு முறையும் தோற்றிருக்கிறது. ஒரு முறை என்றால் விட்டுவிடுவேன். காரணம் தெரிந்தால் எழுதுங்கள்."

எனக்கு ஏன் இது தெரியவில்லை? ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று நானேதானே எழுதினேன். யாரிடம் தோற்றோம் என்று பார்க்கவில்லையே. துரதிர்ஷ்டம் என்று முடிவு கட்டிவிட்டு, அதற்குச் சாட்சி தேடியிருக்கிறேன்.

அந்த இரண்டு ஷீட்டையும் எடுத்தேன். இங்கே ஆரணியில் நடந்தது: பாதி நேரத்தில் நாம் 34, அவர்கள் 22. முடிவில் 51-52. குடியாத்தத்தில் நடந்தது: பாதி நேரத்தில் 38-25. முடிவில் 55-57.

இவர் முதல் பாதியில் 14, இரண்டாம் பாதியில் 2. அடுத்ததில் 12, அப்புறம் பூஜ்யம். டீமில் எல்லோருக்கும் அப்படித்தான். குப்புராஜ் ஒருவனைத் தவிர. பெரணமல்லூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் மகன், டீமிலேயே சின்னவன். ஆரணியில் இரண்டாம் பாதி தொடங்கியதும் எட்டு பாயிண்ட் போட்டிருக்கிறான். அதற்கு மேல் அவன் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. குடியாத்தத்தில் இரண்டாம் பாதி முழுக்கவே இல்லை. வெளியே எடுத்திருக்கிறார்கள்.

எடுக்கச் சொல்கிறவர் யார்? கேப்டன்.

இரண்டு ஷீட்டையும் தனியே எடுத்து வைத்தேன்.

7.3.1981 சனி

இரண்டு ஷீட்டையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சோறு போட்டேன். பார்த்தார். கையை உதறினார்.

"முதலாளி பொண்ண குடியாத்தத்து முதலாளி பையனுக்குப் பேசிகினு கீறாங்க. ஒனக்குத் தெரியுமில்ல?"

"அதுக்கு?"

"பொண்ணு குடுக்கிற வூடு நாம. நாம போயி சம்பந்தி டீம அடிச்சா நல்லாவா இருக்கும்? வாழப் போற பொண்ணு அங்க தலை நிமிர முடியுமா? ரெண்டு ஆட்டத்தையும் வுட்டுக் குடுத்துடுன்னாரு. கௌரவமா, ஒண்ணு ரெண்டுல. ரொம்பத் தோத்தா நமக்கு அசிங்கமாம்."

"அசிங்கமா!"

"கத்தாத, கொழந்த முழிச்சிக்கும்."

"உங்களுக்கு என்ன கொடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கல ரேணு. சத்தியமா."

ஏதாவது வாங்கியிருந்தால்கூட இவ்வளவு குமட்டியிருக்காது. ஒன்றும் வாங்காமல்! ஒருத்தன் கல்யாணச் சீரில் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு இரண்டு மேட்சையும் வைத்து அனுப்பியிருக்கிறான். அந்தத் தட்டைத் தூக்கிப் போனவர் என் புருஷன்.

"குப்புராஜை ஏன் வெளியே எடுத்தீங்க?"

"சொன்னா கேக்கல அவன். 'அப்பிடியெல்லாம் சும்மா நிக்க வராதுண்ணா எனக்கு'ன்றான். பேஜார் பண்ணிட்டான். அதான் ஒக்கார வச்சோம்."

மெட்ராஸ் கடிதத்தை அப்போதுதான் காட்டினேன். படித்ததும் முகம் வெளுத்தது. நான் எழுதியதற்குக் கோபப்படுவார் என்று பார்த்தேன். இல்லை. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, மெல்ல:

"ஜுரம்னு எழுதிடு. டீம்ல எல்லாருக்கும் ஜுரம்னு."

இரண்டு முறையும் சரியாகப் பாதி நேரத்துக்கு அப்புறம் வருகிற ஜுரம்.

8.3.1981 ஞாயிறு

ஜெயவேல். ஜெயவேல். பேரை எழுதுகிறேன். 'இவர்' என்று எழுதக் கை வரவில்லை.

10.3.1981 செவ்வாய்

பதில் எழுதிவிட்டேன். உள்ளதை உள்ளபடி.

நான் பெரிய சத்தியவாதி ஒன்றும் இல்லை, எனக்கு நானே பொய் சொல்ல வேண்டாம். முதலில் ஜுரம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். குழந்தை பக்கத்தில் சீட்டி அடிப்பதுபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்காக எதையும் எழுதுவேன். அப்போதுதான் தோன்றியது: உண்மையைச் சொன்னால்தானே நமக்கு லாபம்? வேண்டுமென்று விட்ட ஆட்டம் பலத்தைக் காட்டாது. அந்த இரண்டையும் தள்ளிவிட வேண்டும். தள்ளிப் போட்டுப் பார்த்தேன். 8.9 இல்லை, 13.6! ராணிப்பேட்டை எங்கேயோ கீழே கிடக்கிறது.

அதைத்தான் எழுதினேன். முதலாளி சொன்னார், கேப்டன் கேட்டார், ஆகவே இவ்விரண்டு ஆட்டங்களையும் நீக்கிப் பார்க்கவும் என்று. அழகான எழுத்தில்.

தபாலில் போட்டுவிட்டேன். ஜெயவேலிடம் ஜுரம் என்று எழுதியதாகச் சொன்னேன்.

25.3.1981 புதன்

மத்தியானம் குப்புராஜ் வந்தான். வியர்வையில் நனைந்த சட்டை, கையில் இனிப்புப் பொட்டலம். பெரணமல்லூரிலிருந்து சைக்கிளிலேயே வந்திருக்கிறான்.

"அண்ணி, ஆர்டர் வந்துட்ச்சி! மெட்ராஸ்! எங்கம்மா நம்பவே இல்ல, நீ எதுனா திருடிகினு வந்தியாடான்னு கேக்குது."

"நல்லது குப்புராஜ்."

"அண்ணனுக்கும் வந்திருக்குமே? ஜல்தி எடுங்க அண்ணி, பாப்போம்."

வந்திருந்தது. அண்ணன் பேருக்கு அல்ல, என் பேருக்கு. அவன் போகும்வரை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"உங்கள் திருத்தம் சரியானது. உங்கள் அணியே சிறந்தது என்று ஏற்கிறேன். அதிலிருந்து ஒருவரை எடுத்திருக்கிறேன், ராணிப்பேட்டையிலிருந்து இருவர். தோற்கச் சொன்னால் தோற்கிற கேப்டன் எனக்கு வேண்டாம்."

மூன்று சுற்று, நாலு சுற்று கணக்குப் போட்டவளுக்கு இந்த ஒரு வரி முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா? ஆட்டத்தைத் தள்ளினால் ஆடிய ஆளையும் தள்ளுவார்கள் என்று. படித்தவள்! குழந்தைக்குக் கிடைக்க இருந்த ஆஸ்பத்திரியை நானே மடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் ஜெயவேலிடம் கடிதத்தைக் கொடுத்தேன். ஒளிக்கத் தெம்பில்லை. நின்றபடியே படித்தார்.

"நீ எனக்குப் பொண்டாட்டியா, ரெஃப்ரியா?"

குப்புராஜ் கொண்டுவந்த பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. எறும்பு வந்துவிட்டது.

2.4.1981 வியாழன்

எட்டாவது நாள். குழந்தையின் மூலமாகப் பேசிக்கொள்கிறோம். "அபிதா, அப்பாவ சாப்பிடக் கூப்புடு." அவளுக்கு இன்னும் 'அப்பா' வரவில்லை.

21.5.1981 வியாழன்

முதலாளி வீட்டுக் கல்யாணம். கடைக்காரர்கள் குடும்பத்தோடு வர வேண்டுமாம். போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், அதுவும் அவர்கள் தீபாவளிக்குக் கொடுத்தது.

பந்தியில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயவேல் பரிமாறிக்கொண்டிருந்தார். கேப்டன், கையில் சாம்பார் வாளி.

குடியாத்தத்துக்காரர், "இன்னாபா கேப்டன், ரெண்டு ஆட்டமும் எங்க பசங்க கிட்ட இப்பிடி மாட்டிகினியே!" என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. நிஜமாகவே ஜெயித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வேணுகோபால் முதலாளி ஜெயவேலைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "மாப்ள வூட்டுக்காரங்கள ஜெயிக்க முடியுமா சம்பந்தி? வர்ற வருசமும் நீங்கதான். சொல்லு ஜெயவேலு."

"ஆமாங்க முதலாளி" என்றார் ஜெயவேல்.

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேன்! இலையில் இருந்ததை ஒன்று விடாமல் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, பின்பக்கச் சாக்கடையில், அத்தனையும் வாந்தி. வாயைக் கழுவக் கழுவ நெய் வாசனை போகவில்லை. ஜெயவேல் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வாங்கவில்லை. சாம்பார் வாளி பிடித்த கை.

9.8.1981 ஞாயிறு

மழை ஈரம். அபிதாவுக்கு மூன்று நாளாக ஆவி பிடிக்கிறேன். நடக்க ஆரம்பித்திருக்கிறாள், நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிறாள், கிழவி மாதிரி. பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் போடாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வருகிறது. போடாமல் இருந்தாலும் மூன்றாவது இடம்தானே என்ற பதிலும் வருகிறது. எந்தப் பதிலும் அவளுடைய நெஞ்சுச் சத்தத்தை நிறுத்தவில்லை.

15.11.1981 ஞாயிறு

மெட்ராஸ் கம்பெனி டீம் பெங்களூரில் ஜெயித்ததாம். பேப்பரில் குப்புராஜின் போட்டோ, தபால்தலை அளவு. ஜெயவேல் அதை வெகுநேரம் மடியில் வைத்திருந்தார்.

பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த ரெண்டையும் எடுத்துட்டா எவ்ளோன்னு வந்துது?"

"பதின்மூன்று புள்ளி ஆறு."

"ராணிப்பேட்டை?"

"பாதிகூட இல்லை."

அபிதாவைத் தூக்கிக்கொண்டு, ஆவி அடிக்காத தெருக்கோடிவரை போய் நின்றுவிட்டு வந்தார்.

20.1.1982 புதன்

புது லீக் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் இங்கே வருகிறது. முதலாளியின் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறார்களாம். முதலாளியின் ஆள் இன்றைக்கே வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனான். "போன வருசம் மாதிரியே, ஒண்ணு ரெண்டுலன்னு சொல்லச் சொன்னாரு." நான் இருப்பதைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் வெட்கப்பட யாரும் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

24.1.1982 ஞாயிறு

மேட்ச் முடிந்தால் கடைக்குப் போய், முதலாளியோடு காபி குடித்துவிட்டுத்தான் வருவது வழக்கம். இன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்தார். கேன்வாஸ் ஷூவைக்கூடக் கழற்றாமல், வாசற்படியில் உட்கார்ந்தார். முழங்காலில் சிராய்ப்பு. ரத்தம் காய்ந்திருந்தது.

"நாளைலேர்ந்து கடைக்கு வராதன்னுட்டாரு. ரூமையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்."

இந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே, எப்படி, எதை வைத்து— கத்திவிடுவேன் என்று நினைத்தேன்.

"மாப்ள எழுந்து பாதிலயே போயிட்டான். அந்தப் பொண்ணு அழுதுகினே பின்னால போச்சி. பாவம், அதுக்கு இன்னா தெரியும். நாளைக்கு அது அங்க இன்னா படப் போவுதோ." சிராய்ப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பசங்ககிட்ட ஒண்ணும் சொல்லல நான். பாதி டைமுக்கு அப்பறம் எல்லாம் என் மூஞ்சியப் பாத்துகினு நின்னானுங்க. பந்து எங்கிட்ட வந்துது. போட்டுட்டேன். அவ்ளோதான்."

போன மார்ச்சுக்குப் பிறகு ஒரு மேட்சின் ஸ்கோரைக்கூட நான் கேட்டதில்லை.

"எத்தனையில்?" என்றேன்.

"எழுபத்தொண்ணு, அம்பத்தெட்டு."

பதின்மூன்று வித்தியாசம், குப்புராஜ் இல்லாமல். அபிதா அவர் ஷூக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இவர் குனிந்து அவிழ்க்கவில்லை, இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

காயத்தைக் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நாளைக்கு வீடு தேட வேண்டும். ஊருக்கு வெளியே சேத்துப்பட்டு ரோட்டுப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்கிறார் இவர்.